வெள்ளைத்தாய் செடியில் புள்ளி

28 அக்டோபர் 1997, செவ்வாய்

காலை ஆறு மணிக்குப் பண்ணையில் இறங்கிவிட்டேன். நேற்றைய மழையில் கரிசல் காலை விடவில்லை. செருப்பு மண்ணோடு தங்கிவிட்டது, நான் மட்டும் நாலு எட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் இரண்டையும் பிடுங்கி வரப்பில் போட்டேன். நாற்பத்தாறு வயதில் இது தேவையா கோபாலசாமி என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பத்துச் செடி, செடிக்கு மூன்று இலை. பனி காய்வதற்குள் ஒவ்வொரு இலையையும் புரட்டி, அடிப்பக்கம் பார்த்து, நோட்டில் எண் போட வேண்டும். பூசணம் இல்லையென்றால் பூஜ்யம். இலை முழுக்கப் பிடித்து வாடிவிட்டால் ஒன்பது. பதினோரு வருஷமாக இந்த விதைப் பண்ணையில் எனக்கு இதுதான் உத்தியோகம். தக்காளி இலையின் அடிப்பக்கத்தை என்னைவிட அதிகம் பார்த்தவன் இந்தத் தாலுகாவில் இருக்க மாட்டான். குனிந்து குனிந்து முதுகு போனதுதான் மிச்சம்.

மற்ற வரிசைகளில் நாலும் ஐந்தும் வந்தாயிற்று. ஏழாவது வரிசையில் மட்டும் பூஜ்யம். ஆறு வருஷமாகப் பூஜ்யம். முதலாளி செண்பகராஜ் போடுகிற விதைப் பாக்கெட்டில் அந்த ரகத்துக்கு 27-4 என்று பேர். ஊர்களில் யாருக்கும் அது தெரியாது. அவர்களுக்கு அது வெள்ளைத்தாய்.

வெள்ளைத்தாய் என் வீட்டுக்காரி. தொண்ணூற்றொன்றில் பண்ணை முழுக்கப் பூசணத்தில் வாடிக் கிடந்தபோது, தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தவள், அப்போது முப்பது வரிசை இருந்ததில் இருபத்தேழாம் வரிசையின் நாலாவது செடியைக் காட்டி, இது மட்டும் என்ன மினுமினுன்னு நிக்குது என்று கேட்டாள். அதிலிருந்து எடுத்த விதைதான் எல்லாம். பசுவந்தனையில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இந்தக் கதையை நானே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சிவப்புத் தக்காளிக்கு வெள்ளைத்தாய் என்று பேர். இந்த வருஷம் வெள்ளைத்தாய் நல்லாக் காய்ச்சிருக்கா என்று யாராவது சந்தையில் சொன்னால் இவளுக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

2 நவம்பர், ஞாயிறு

மழை. முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன்.

5 நவம்பர், புதன்

ஏழாவது வரிசை, மூன்றாவது செடி. கீழிருந்து இரண்டாவது இலையில் ஒரு மஞ்சள் புள்ளி, மொச்சைப் பயறு அளவு. புரட்டினேன். அடியில் பாசி படிந்த மாதிரிப் பூசணம்.

அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். நாற்று மாறிப்போயிருக்குமோ? காயைப் பார்த்தேன், காம்பைப் பார்த்தேன். அதே செடிதான்.

பிறகு செய்ததை எழுதத்தான் இப்போது இந்த டைரியை எடுத்தேன். அந்த இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. எங்கள் வீட்டில் தலைமுறையாக ஆடு மேய்த்தவர்கள். ஆட்டின் காதில் உண்ணியைக் கண்டால், யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் போய்ப் பிடுங்கிவிடும். அப்படித்தான் விரல் போயிற்று. ஆனால் பண்ணை நோட்டில் பூஜ்யம் போட்டது விரல் இல்லை. அது நான்.

மதியம் அதே சட்டையோடு பசுவந்தனைக்குப் போனேன். சோலைச்சாமி அண்ணாச்சிக்குக் கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர், இரண்டும் வெள்ளைத்தாய்தான். என் சொல்லை நம்பி ஐந்து வருஷமாக வேறு ரகம் நடுவதில்லை. செடிச் செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சுற்றி வந்தேன். அவர் வீட்டுக்காரி பெத்தம்மாள் மதினி காப்பி கொடுத்து, செடி எப்படி இருக்கு என்று கேட்டார்கள். நல்லா இருக்கு என்றேன். அங்கே நல்லாத்தான் இருந்தது.

9 நவம்பர், ஞாயிறு

துவைக்கிற கல்லில் என் சட்டையை விரித்து வைத்துக்கொண்டு வெள்ளைத்தாய் கூப்பிட்டாள். பைக்குள் பச்சையும் பழுப்புமாகக் கறை. இலை நொறுங்கி ஓரத்தையலில் ஒட்டிக் கிடந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவளுக்கா தெரியாது?

“ஏழாவது வரிசையா?” என்றாள்.

நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயில் பல்பொடி இருந்தது வசதியாகப் போயிற்று. அவள் பையை வெளியே இழுத்துத் தேய்த்தாள். சோப்புப் போட்டும் கறை போகவில்லை.

அந்தச் சட்டையை நாலு நாள் போட்டிருக்கிறேன். பசுவந்தனையில் மூன்று தோட்டம், குளத்தூர்ப் பக்கம் ஒன்று. எல்லாவற்றிலும் நுழைந்து வந்திருக்கிறேன்.

14 நவம்பர், வெள்ளி

ஏழாவது வரிசையில் பத்தில் எட்டுச் செடிக்கு வந்துவிட்டது. இனிக் கிள்ளினால் செடி மொட்டையாகிவிடும். கிள்ளவில்லை. நோட்டில் பூஜ்யம்தான் போட்டேன்.

ஏன்? யார் கேட்டார்கள் என்னிடம் பூஜ்யம்? முதலாளிக்குக்கூட இன்னும் தெரியாது. நான் பத்தாவது தேறாதவன். எனக்கென்று உலகத்தில் ஒரு காரியம் இருக்கிறதென்றால் அது அந்தச் செடிதான், அதுவும் அவள் பேரில் இருக்கிறது. இதுவும் போயிட்டுன்னா அப்புறம் நான் யாரு? பதினோரு வருசம் சகதி மிதிச்ச ஆளு. அவ்வளவுதானே.

17 நவம்பர், திங்கள்

முதலாளியைக் கூட்டிப் போய் இலையைப் புரட்டிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். தைப் பட்டத்துக்கான விதை பாக்கெட் போட்டு அறை முழுக்க அடுக்கியாயிற்று. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“மழைக்கு எல்லா இலையிலயும் ஏதாச்சும் வரத்தான் செய்யும் கோவாலு. வெயிலு வந்தாச் சரியாப் போகும். தைப் பட்டம் போகட்டும், பொறவு பாப்போம்.”

கெட்ட மனுஷர் இல்லை. எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தபோது பண்ணை வண்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதுதான் இப்போது உறுத்துகிறது.

20 நவம்பர், வியாழன்

பூஜ்யம் போட்டேன். பென்சில் கூர் உடைந்தது. சீவவில்லை.

25 நவம்பர், செவ்வாய்

பண்ணை போனுக்குச் சோலைச்சாமி அண்ணாச்சி பேசினார். வெள்ளைத்தாய்க்கு என்னமோ செய்யுது, உடனே வாரும் என்றார். ஒரு நிமிஷம் வீட்டில்தான் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். செடி என்று புரிந்தபோது நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

டிவிஎஸ் வண்டியில் போய் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. சாலையிலிருந்தே மஞ்சள். ஆனால் செடிகள் பண்ணைச் செடிகளைவிடக் கொழுத்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. மதினி சொன்னார்கள்: பத்துப் பன்னிரண்டு நாளாக இலை வெளுக்கிறது, சத்துப் போதவில்லை என்று யூரியா போட்டோம், அப்புறமும் வெளுத்தது, இன்னொரு தடவை போட்டோம்.

இலையைப் புரட்டவே இல்லை. ஒருத்தரும் புரட்டவில்லை. நோய் வராத செடிக்கு எதற்குப் புரட்ட வேண்டும்? மேலே மஞ்சளைப் பார்த்தார்கள், பசி என்று நினைத்தார்கள், சோறு போட்டார்கள். தழை அடர்ந்து ஈரம் காயாமல் பூசணம் உள்ளே புகுந்து விளையாடியிருக்கிறது.

நான் ஓர் இலையைப் புரட்டிக் காட்டினேன். மதினி தன் கையால் இன்னொன்றைப் புரட்டினார்கள். பிறகு இன்னொன்று. அப்படியே வரிசை முழுக்கப் புரட்டிக்கொண்டே போனார்கள். நான் பின்னால் போகவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மதுரையில் பயிர் நோய் படித்த ஒரு டாக்டர் இருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு முன் பண்ணைக்கு வந்து போனவர். வரும் வழியில் அவருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

26 நவம்பர், புதன்

மறுபடி பசுவந்தனைக்குப் போனேன். அண்ணாச்சி மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். ஐந்தாம் தேதியே பார்த்தது, கிள்ளியது, பையில் போட்டது, அதே சட்டையோடு இங்கே வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தது, நோட்டில் பூஜ்யம் எழுதியது. எல்லாம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த இலையைக் கீழே போட்டார்.

“சட்டைப் பையில வந்துச்சோ காத்துல வந்துச்சோ, அது எனக்குத் தெரியாது. நீரு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இலையைப் புரட்டிப் பாத்திருப்பேன். உரத்தைப் போட்டு நானே வளத்துவிட்டுருக்க மாட்டேன்லா.”

எழுந்து இரண்டு அடி போனவர் திரும்பினார். “வராதுன்னு சொன்னீரு கோவாலு.”

சொன்னேன்தான். பாக்கெட்டில் ‘நோய் தாங்கும் ரகம்’ என்றுதான் அச்சடித்திருக்கும். அந்தப் பசுவந்தனைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, தாங்கும்னா என்ன, நோயைச் சுமந்துக்கிட்டு வருமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பை நிறுத்துவதற்காக நான் எழுந்து, வராது, அவ்வளவுதான் என்றேன். கைதட்டினார்கள். ஒரு சொல். சரியான சொல்லை எடுத்துவிட்டுத் தப்பான சொல்லை வைத்தேன்.

1 டிசம்பர், திங்கள்

டாக்டர் வந்துவிட்டார். சோலைச்சாமி அண்ணாச்சி தோட்டத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். காகித உறைகளில் இலைகளை எடுத்துக்கொண்டார். வரப்பில் உட்கார்ந்து எனக்கும் அண்ணாச்சிக்கும் சொன்னார்.

எனக்குப் புரிந்தவரை: இந்தச் செடியிடம் இருந்தது ஒரே ஒரு மரபணு. பூசணத்தின் ஏதோ ஓர் அடையாளத்தை வைத்து அது இன்னார் என்று கண்டுகொண்டு, உள்ளே விடாமல் நிறுத்தும். சுற்றுவட்டாரம் முழுக்க இதே செடி நின்றது. பூசணத்தில் கோடியில் ஒன்று அந்த அடையாளம் இல்லாமல் பிறந்துவிட்டது. செடிக்கு அதை அடையாளம் தெரியவில்லை. அந்த ஒன்றுக்கு இந்தக் காடு முழுக்கத் தீனி. வெயில் வந்தால் அடங்கின மாதிரி இருக்கும், ஆனால் அடுத்த மழைக்கும் வரும். இனி எப்போதும் வரும்.

சட்டையைப் பற்றிக் கேட்டேன். காற்றிலும் வந்திருக்கலாம், உங்கள் சட்டையிலும் வந்திருக்கலாம், எது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

நோட்டைக் கேட்டார். கொடுப்பதற்கு முன் சிவப்புப் பேனா வாங்கி, ஐந்தாம் தேதியிலிருந்து நான் போட்ட பூஜ்யங்களை எல்லாம் அடித்து, மேலே உண்மையான எண்ணை எழுதினேன். ஒன்று, இரண்டு, இரண்டு, நாலு, ஆறு. எல்லாம் ஞாபகம் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3 டிசம்பர், புதன்

ஊர் ஊராகப் போய்ச் சொல்லப் போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அடுக்கியிருந்த பாக்கெட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போறதுன்னாப் போ. ஆனா நாளைக்கு இங்கன வராதே.”

சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். தொப்பியை மறந்துவிட்டேன், கேட்கப் போகவில்லை.

8 டிசம்பர், திங்கள்

குளத்தூர். ஐந்து நாளில் இது பதினோராவது ஊர். எல்லா ஊரிலும் ஒரே பேச்சு. இலையைப் புரட்டுங்க. அடியில பாருங்க. மருந்து அடிச்சாக் கீழேர்ந்து மேல அடிங்க. பிடுங்குன செடியை வரப்புல போடாதீங்க, எரிச்சிருங்க. தைப் பட்டத்துக்கு இந்த ரகம் வேண்டாம். தோட்டத்துக்குள் நான் இறங்குவதில்லை. வரப்பில் நின்றே சொல்கிறேன். வீட்டில் இவள் சட்டையைத் தினமும் வெந்நீரில் போடுகிறாள்.

ஓர் ஊரில், வேறு விதைக் கம்பெனிக்கு மாறிட்டீரா என்று கேட்டார்கள். இன்னோர் ஊரில் கதவைச் சாத்திவிட்டார்கள். நேற்று ஓர் ஆள், வெள்ளைத்தாயைக் கட்டிக்கிட்டு எங்களைக் கெடுத்துட்டீரே என்றார். எந்த வெள்ளைத்தாய் என்று கேட்கவில்லை.

குளத்தூரில் ஓர் அம்மா மட்டும் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இறங்கிப் போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ரெண்டு இலையில இருக்கு என்றார்கள். இரண்டே இரண்டு! காப்பாற்றிவிடலாம்.

உடம்பு வலிக்கிறது. நாளைக்கு மூன்று ஊர்.

18 ஜனவரி 1998, ஞாயிறு

பொங்கல் முடிந்தது. சோலைச்சாமி அண்ணாச்சி தோட்டத்தைப் பிடுங்கி எரிக்கிறார் என்று கேள்விப்பட்டு நானும் வெள்ளைத்தாயும் போனோம். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாலு பேருமாகச் சேர்ந்து பிடுங்கினோம்.

“எம்பேரை நானே பிடுங்கிப் போடுதேன்” என்றாள் இவள். பெத்தம்மாள் மதினி சிரித்துவிட்டார்கள். சிரித்த கையோடு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள். பச்சைச் செடி லேசில் எரியவில்லை, புகைதான். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தும் வாசம் போகவில்லை.

21 ஜூன் 1998, ஞாயிறு

அண்ணனுடைய ஆடுகளோடு மணியாச்சிப் பக்கம். நோட்டும் தொப்பியும் இல்லாமல் நடக்க இன்னும் பழகவில்லை. ஓர் ஆட்டின் காதில் உண்ணி இருந்தது. பிடுங்கிவிட்டு, இதை எங்கே போட என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

6 செப்டம்பர் 1998, ஞாயிறு

சோலைச்சாமி அண்ணாச்சி சைக்கிளில் வீடு தேடி வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். எழும்போது சொன்னார்.

“கெணத்தடியில பத்து சென்ட் சும்மாக் கெடக்கு. பூஜ்யம் ஒண்ணும் கேக்கல. நோயோட நோயாக் கெடந்து நாலு காய் காய்க்கிற செடி இருந்தாப் பாரும்.”

அவர் போன பிறகு வெகுநேரம் வாசலில் நின்றிருக்கிறேன். சோறு ஆறிப் போயிற்று என்று இவள் சத்தம் போட்டாள்.

மதுரை டாக்டருக்குக் கார்டு போட்டிருக்கிறேன், விதை கேட்டு. மதினி தன் அஞ்சறைப்பெட்டியிலிருந்து புளிப்பு நாட்டுத் தக்காளி விதை ஒரு பிடி கொடுத்தனுப்பினார்கள்.

12 டிசம்பர் 1998, சனி

அண்ணாச்சியின் பத்து சென்டில் பதினோரு வரிசை. இந்த மழையில் எல்லாவற்றிலும் பூசணம். பூஜ்யம் ஒன்றுகூட இல்லை. ஏழு, ஆறு, எட்டு, ஏழு. எட்டாவது வரிசை, மதினி கொடுத்த நாட்டு விதை, மூன்று. மூன்றிலேயே நிற்கிறது. அடி இலை பழுக்கிறது, ஆனால் மேலே காய்த்துக்கொண்டே போகிறது. காய் சின்னது, தோல் கெட்டி, புளிப்பு பல்லைக் கூசவைக்கும்.

பண்ணையில் இருந்த காலத்தில் மூன்று என்றால் பிடுங்கி எறிந்துவிடுவேன். எத்தனை மூன்றுகளை எறிந்திருப்பேன்? பூஜ்யம் பூஜ்யம் என்று அலைந்தேனே.

அண்ணாச்சி வந்து, இது வராத சாதியா என்று கேட்டார். “வரும். ஆனாத் தாங்கும்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

3 ஆகஸ்ட் 1999, செவ்வாய்

எட்டாவது வரிசையிலிருந்து எடுத்து வைத்திருந்த விதையைப் பிரித்து மறுபடி வெயிலில் காயவைத்தோம். வேறு இரண்டு வரிசையிலும் கொஞ்சம் எடுத்திருக்கிறேன். இனி ஒன்றை மட்டும் நம்பி எதையும் நட மாட்டேன். அண்ணாச்சி இதற்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டார். பேரே வேண்டாம் என்று இவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

27 நவம்பர் 1999, சனி

கோவில்பட்டி உரக்கடையில் சணல் வாங்க நின்றேன். செடிக்குக் குச்சி கட்ட வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள், முன்பின் பார்த்ததில்லை. விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். கடைக்காரரிடம் சொன்னார்: “கோவாலசாமி வந்துருக்கு அண்ணாச்சி. மருந்து தாங்க.”

என்னைத்தான் சொல்கிறார் என்று திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் அலமாரியிலிருந்து பூசண மருந்தை எடுத்து வைத்தார்.

என்ன வந்திருக்கு என்று நானே கேட்டேன்.

“கோவாலசாமி நோய் தெரியாதா? தக்காளி இலைக்கு அடியில பாசி மாதிரிப் பிடிக்கும். முன்ன ஒருத்தரு வரப்புல நின்னுக்கிட்டே இலையைப் புரட்டுங்க புரட்டுங்கன்னு சொல்லிட்டுப் போனாராம், அவரு பேரு. எங்க ஊர்ல இப்ப பொம்பளையாளுங்க களை எடுக்கப் போனாக்கூடப் புரட்டிப் பாத்துட்டுத்தான் வருவாவ. இந்தத் தடவை நாலே செடிதான், மொதல்லயே பிடிச்சிட்டோம்.”

கீழிருந்து மேல அடிங்க என்றேன். வேறு என்ன சொல்ல?

“அது தெரியும்” என்று சொல்லிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“எம்பேரு ஆறேழு வருசத்துல போயிட்டு. உங்க பேரு இனிப் போகவே போகாதுல்லா.”

டாக்டரும் அதைத்தான் சொன்னார், இனி எப்போதும் வரும் என்று.

நாளைக்கு ஐந்தரைக்கே தோட்டத்துக்குப் போக வேண்டும், பனி காய்வதற்குள். சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவிப் பார்த்தேன். சணல் வாங்கின சீட்டு மட்டும் இருந்தது.